காரைக்குடியிலிருந்து கட்டளை வரி: என் மடிக்கணினியில் தங்கியவையும் தங்காதவையும்

டெர்மினல் என்ற எழுத்துத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்து ஓட்டுகிற கட்டளை வரிக் கருவிகளைப் பற்றி ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டார்கள். எது எவ்வளவு வேகம், எது கலர் கலராகக் காட்டுகிறது என்று பட்டியலும் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை ஆங்கிலக் கோப்புகள் மேல் ஓட்டிப் பார்த்து, அறுந்து போகாத இணையத்தில் உட்கார்ந்து எழுதியவை. நான் காரைக்குடியில் வீட்டிலிருந்தபடி வெளியூர் ஆட்களுக்கு நிரல் எழுதிக் கொடுக்கிறவன். என் கோப்புகளில் பாதி தமிழில் இருக்கும், மழை கொஞ்சம் பலமாகப் பிடித்தால் இணைப்பு படுத்துவிடும், பராமரிப்பு என்று சொல்லி ஒரு நாள் காலையில் கரண்டை எடுத்தால் சாயங்காலம்தான் திரும்ப வரும். அதனால் நான் கருவியைப் பார்க்கிற கண்ணே வேறு. தமிழைத் தாங்குகிறதா, பாதியில் அறுந்தால் விட்ட இடத்தில் தொடர்கிறதா, நாளைக்கு அந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் என் கோப்பை நான் திறந்து படிக்க முடியுமா என்று பார்ப்பேன். இந்த மூன்றிலும் தேறியவற்றைத்தான் வைத்திருக்கிறேன். எல்லாமே திறமூலம் (ஓப்பன் சோர்ஸ்), எதற்கும் காசு கிடையாது, பழைய மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் போட்டு ஓட்டுகிறேன்.

முதலிடம் ஹெச்லெட்ஜருக்கு. டெவலப்பர் கருவி என்று சொல்லிவிட்டுக் கணக்கு மென்பொருளில் ஆரம்பிக்கிறானே என்று நினைக்க வேண்டாம். கட்டளை வரியில் நான் பார்த்த மென்பொருளிலேயே மிக நன்றாக யோசித்துச் செய்தது இதுதான். ஜான் வீக்லி 2003-இல் லெட்ஜர் என்ற ஒன்றை எழுதினார்: கணக்கை ஒரு சாதாரண உரைக்கோப்பில் நீங்களே தட்டச்சு செய்து வைக்க வேண்டும், மென்பொருள் அதைப் படித்துக் கூட்டிக் காட்டும், கோப்பைத் தொடாது. அதே வழியில் சைமன் மைக்கேல் 2007-இல் ஹஸ்கெல் மொழியில் தொடங்கியதுதான் ஹெச்லெட்ஜர். பைத்தானில் பீன்கவுண்ட் என்று இன்னொரு உறவுக்காரரும் உண்டு. மூன்றுமே இரட்டைப் பதிவுக் கணக்கு, அதாவது ஒரு பக்கம் பணம் வந்தால் இன்னொரு பக்கம் எங்கிருந்து வந்தது என்று காட்டியே ஆக வேண்டும்.

இதை நான் எதற்கு எடுத்தேன் என்றால், எங்கள் பொது வீட்டுக் கணக்கு. செட்டிநாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளமாகப் போகிற வீடு, ஆனால் அதில் குடியிருக்கிறவர் யாரும் இல்லை, பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஓடு மாற்ற வேண்டும், காவல்காரர் சம்பளம், வீட்டு வரி, முன்னோருக்குப் படைக்கிற படைப்புச் செலவு, எப்போதாவது சினிமா ஷூட்டிங்குக்கு விட்டால் வாடகை வரவு, எல்லாவற்றையும் புள்ளிக்கு, அதாவது பங்குள்ள ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பிரிக்க வேண்டும். இத்தனை நாள் இது அப்பச்சியின் நோட்டில் இருந்தது. சிட்டையும் பேரேடும் எழுதிப் பழகிய கை அவருடையது, ஒரு பைசா தவறாது, ஆனால் நோட்டு ஒன்றுதானே இருக்கிறது, கோலாலம்பூரில் இருப்பவர் எப்படிப் பார்ப்பார்? நான் முதலில் விரிதாள் போட்டுப் பகிர்ந்தேன். யார் எந்தக் கட்டத்தை எப்போது மாற்றினார்கள் என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிட்டது.

ஹெச்லெட்ஜரில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

2025-06-14 ஓடு மாற்றிய கூலி
    செலவு:வீடு:கூரை        ₹18,500
    சொத்து:வங்கி

அவ்வளவுதான். கடைசி வரியில் தொகை எழுதாவிட்டால் அதுவே கழித்துப் போட்டுக்கொள்ளும். தலைப்புகளைத் தமிழிலேயே வைக்கலாம், முக்காற்புள்ளி போட்டு உள்தலைப்பு எத்தனை வேண்டுமானாலும் போகலாம். வெளிநாட்டுப் பணம் வந்தால் இத்தனை ரிங்கிட், மொத்தம் இத்தனை ரூபாய்க்கு மாறியது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம், பிறகு ரூபாயிலும் பார்க்கலாம், ரிங்கிட்டாகவும் பார்க்கலாம். கோப்பில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கிற கிட் கருவியில் அதைப் போட்டு வைத்திருப்பதால் எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இருப்புச் சரிபார்ப்பு. ஒரு பதிவின் முடிவில் சமக்குறி போட்டு, வங்கிப் பாஸ்புக்கில் அன்றைக்கு என்ன இருப்பு இருந்ததோ அதை எழுதிவிடலாம். அதற்கு முன்னால் எங்கேயாவது ஒரு வரி விட்டுப்போயிருந்தாலோ யாரோ பழைய தொகையைத் திருத்தியிருந்தாலோ கணக்கே ஓடாது, எந்தத் தேதியில் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லி நின்றுவிடும். விரிதாள் இப்படியெல்லாம் தானாக முரண்டு பிடிக்காது, தப்பை வைத்துக்கொண்டே அழகாகக் கூட்டிக் காட்டும்.

இனிக் குறைகள், ஏனென்றால் குறை சொல்லாத மதிப்புரையை நானே நம்ப மாட்டேன். மேலே உள்ள பதிவில் ₹18,500 என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள், ஒரே ஒரு காற்புள்ளி. ரூபாயை எப்படி எழுதுவோம் என்று கோப்பின் தலையில் முன்கூட்டியே அறிவிக்காவிட்டால் ஹெச்லெட்ஜர் அந்தக் காற்புள்ளியைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொண்டு பதினெட்டரை ரூபாய் என்று படித்துவிடும்! ஐரோப்பாவில் பல நாடுகளில் அப்படி எழுதுகிறார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. ₹1,00,00,000.00 என்று ஒரு மாதிரியைக் கமாடிட்டி அறிவிப்பில் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, அதன்பின் லட்சம் கோடி வரிசையிலேயே காற்புள்ளி போட்டுக் காட்டவும் செய்யும், அதற்கு ஒரு சபாஷ். அடுத்தது, தலைப்புக்கும் தொகைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு இடைவெளி விட வேண்டும். ஒன்றுதான் விட்டால் தொகையும் தலைப்பின் பெயரோடு சேர்ந்துவிடும், ஏனென்றால் பெயருக்குள் ஒற்றை இடைவெளி வரலாம் என்பது அவர்கள் விதி. இது புதிதாக வருகிற எல்லாரையும் ஒரு தடவை கடிக்கும். கண்டிப்பு முறை என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு ஓட்டினால் அறிவிக்காத தலைப்பு எது வந்தாலும் பிடித்துக் கொடுத்துவிடும். எப்போதும் அதிலேயே ஓட்டுங்கள்.

மூன்றாவது தமிழ்க்காரர்களுக்கே உரியது. தலைப்புகள் ஆங்கிலத்தில் இருந்தால் எது சொத்து, எது கடன், எது செலவு என்று பெயரை வைத்தே ஊகித்துக்கொள்கிறது. தமிழில் வைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது, ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) கேட்டால் வெறும் தாளைக் காட்டும். ஒவ்வொரு மேல்தலைப்புக்கும் இது சொத்து வகை, இது செலவு வகை என்று ஓர் அறிவிப்பு வரி எழுதிவிட வேண்டும், உள்தலைப்புகள் தானாகப் பின்தொடரும். மொத்தம் ஐந்து வரிதான், ஆனால் இது தெரியாமல் மென்பொருளே சரியில்லை என்று தூக்கிப் போடுகிறவர்கள் இருப்பார்கள்.

ஒரு விளையாட்டுக்கு ரூபாய்க்குறிக்குப் பதில் நம் பழைய ௹ குறியைப் போட்டுப் பார்த்தேன், ஏற்றுக்கொண்டது. ஒருங்குறியில் (யூனிகோட்) பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று குறிகள் எப்போதிலிருந்தோ இருக்கின்றன, அரைக்கால் மாகாணி போன்ற பின்னக் குறிகளும் 2019-இல் சேர்ந்துவிட்டன. ஆனால் தமிழ் எண்களை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, 1, 2, 3 என்றே எழுத வேண்டும். எனக்கு அதில் வருத்தமில்லை.

அப்பச்சியிடம் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஷூட்டிங் வாடகை வந்திருக்கு, அதை எதுக்குடா மைனஸ்ல போட்டிருக்க?" இங்கே பற்று வரவு என்று இரண்டு பத்தி கிடையாது அப்பச்சி, பணம் போய்ச் சேர்ந்த இடம் கூட்டல், புறப்பட்ட இடம் கழித்தல் என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "அப்ப ஒரு பதிவைக் கூட்டினா சைபர் வரணும், அவ்வளவுதானே" என்றார். அவ்வளவுதான். பயன்பாட்டுக் கையேடு இதைச் சொல்ல இன்னும் கொஞ்சம் நீளமாகப் போகிறது. வரவு செலவு அறிக்கை என்று தனியாகக் கேட்டால் குறியை மாற்றி வரவைக் கூட்டலிலேயே காட்டும், பங்காளிகளுக்கு அனுப்ப அதுதான் சரி. நிதியாண்டு பிரிக்கும்போது முடிவுத் தேதி கணக்கில் சேராது என்பதை நினைவில் வையுங்கள். மார்ச் 31 வரை வேண்டுமென்றால் ஏப்ரல் 1 என்று கொடுக்க வேண்டும்.

அறிக்கையை டெர்மினலில் பார்த்தால் அழகாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது ஹெச்லெட்ஜரின் குற்றமல்ல. டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு மாதிரி, கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அதன் கணக்கு. நம் கொம்பும் காலும் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது, ஒன்றில் எழுத்து உடையும் அல்லது பத்தி கோணும். நான் ஹெச்டிஎம்எல் ஆக வெளியே எடுத்து உலாவியில் திறக்கிறேன், அதையே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்புகிறேன். ஐந்துக்கு ஐந்து, யோசிக்காமல் கொடுப்பேன்.

அடுத்தது ரிப்கிரெப். ஆண்ட்ரூ கேலன்ட் என்பவர் ரஸ்ட் மொழியில் எழுதி 2016-இல் வெளியிட்டது, ஒரு கோப்புறைக்குள் எந்தக் கோப்பில் எந்தச் சொல் இருக்கிறது என்று தேடித் தருவது. வேகத்தைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், உண்மைதான், பழைய கணினியில் அந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். நான் சொல்ல வருவது தமிழ். லினக்ஸோடு வருகிற வழக்கமான தேடல் கருவி கிரெப் நாம் வைத்திருக்கும் மொழி அமைப்பைப் பொறுத்து நடந்துகொள்ளும், ரிப்கிரெப் எப்போதும் ஒருங்குறியாகவே பார்க்கும். சொல்லெழுத்து என்று தேடினால் உயிர்க்குறிகளும் புள்ளியும் அதில் சேர்ந்தே வரும், தமிழ் எழுத்து உள்ள வரிகளை மட்டும் கொடு என்றும் கேட்கலாம். விண்டோஸிலிருந்து சிலர் யூடிஎஃப்-16 என்ற வேறு குறியாக்கத்தில் கோப்பைச் சேமித்து அனுப்புவார்கள், சாதாரணத் தேடலில் அதில் ஒன்றுமே சிக்காது. தலையில் அதற்குரிய அடையாளம் இருந்தால் ரிப்கிரெப் தானாக மாற்றிப் படித்துக்கொள்கிறது.

ஆனால் ஒன்று, அது கண்ணால் பார்ப்பதில்லை, எண்ணை வைத்துத்தான் பார்க்கிறது. 'கொ' என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் ஒரே மாதிரி இருக்கும், தேடினால் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. இதற்கு ஐசியு தொகுப்பில் யூகான்வ் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது, கோப்பு முழுவதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், தேடும் முன் ஒருமுறை அதை ஓட்டிவிடுவது நல்லது. இன்னொன்று அதைவிட மோசம்: 'கௌ' என்று எழுத வேண்டிய இடத்தில் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, 'கெளசல்யா' என்று, அதை எந்த யூகான்வும் திருத்தாது. கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கிற கடைகளிலிருந்து வருகிற கோப்புகளில் இது சர்வ சாதாரணம். இரண்டையும் சேர்த்துத் தேடுவதைத் தவிர வழியில்லை.

கிட் ஒதுக்கச் சொன்ன கோப்புகளையும் மறைகோப்புகளையும் இது கேட்காமலேயே தாண்டிப் போய்விடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இருக்கிற சொல்லை இல்லை என்று சொல்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், யூ என்ற விருப்பத்தை ஒரு முறை கொடுத்தால் ஒதுக்குப்பட்டியலை மதிக்காது, இரண்டு முறை கொடுத்தால் மறைகோப்பும் வரும், மூன்று முறை கொடுத்தால் இருமக் (பைனரி) கோப்பு வரை புகுந்து பார்க்கும். நாலரை. அரை மதிப்பெண் எதற்குக் குறைத்தேன் என்றால், இத்தனை கோப்பைத் தாண்டினேன் என்று கடைசியில் ஒரு வார்த்தை தானாகச் சொல்லியிருக்கலாம்.

எஃப்இசட்எஃப் பற்றி இரண்டு வரி போதும். ஜுனெகுன் சோய் எழுதியது, கன்ட்ரோலும் ஆரும் சேர்த்து அழுத்தினால் நீங்கள் எப்போதோ அடித்த கட்டளைகளெல்லாம் வரிசையாக வரும், ஞாபகம் இருக்கிற நாலு எழுத்தை அடித்தால் உரியது மேலே வந்து நிற்கும். இது இல்லாத கணினியில் எனக்கு இப்போது வேலை ஓடுவதில்லை. எஃப்டி என்ற கோப்பு தேடும் கருவியும் நல்லதே, ஆனால் உபுண்டுவில் அதன் பெயர் வேறொரு பொதியோடு மோதுவதால் எஃப்டிஃபைண்ட் என்று வரும், கோப்பை வண்ணத்தில் காட்டுகிற பேட் என்பதும் அப்படித்தான் பேட்கேட் ஆகியிருக்கும். நிறுவியாச்சு, ஆனால் கட்டளை இல்லை என்கிறதே என்று குழம்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இணைப்பு விஷயத்துக்கு வருவோம். தொலைவில் இருக்கும் சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து வேலை பார்க்கும்போது நடுவில் இணைப்பு போனால் அங்கே ஓடிக்கொண்டிருந்ததும் பெரும்பாலும் சேர்ந்தே செத்துப்போகும். டிமக்ஸ் அதற்குத்தான், வேலை சர்வரிலேயே ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் கழன்றுகொள்ளலாம், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். இது தெரியாதவர்கள் குறைவு. கூடவே மோஷ் போடுகிறவர்கள்தான் குறைவு. எம்ஐடியில் செய்து 2012-இல் வெளியிட்ட கருவி. நுழைவதற்கு எஸ்எஸ்ஹெச்சைப் பயன்படுத்திவிட்டு, அதன்பின் நிலையான இணைப்பைப் பிடித்து வைக்கத் தேவையில்லாத யூடிபி வழியாகப் பேசும், அதனால் வீட்டு இணைப்பு போய்க் கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலும் ஐபி முகவரி மாறியதைப் பொருட்படுத்தாமல் அதே அமர்வு தொடரும். கரண்ட் போனால் மோடமும் போய்விடுகிற வீட்டில் இதன் அருமை தெரியும். இன்னொரு நல்ல காரியம், நீங்கள் அடிக்கும் எழுத்தைச் சர்வர் திருப்பி அனுப்பும் வரை காத்திருக்காமல் இங்கேயே ஊகித்துக் காட்டிவிடும், உறுதியாகாதவற்றுக்கு அடிக்கோடு போட்டு வைக்கும். மந்தமான இணைப்பில் இது பெரிய நிம்மதி.

குறை என்னவென்றால் மேலே உருட்டிப் பழைய வரிகளைப் பார்க்க முடியாது, மோஷுக்கு இப்போதைய திரை மட்டும்தான் தெரியும். அதற்கும் டிமக்ஸ்தான் மருந்து, இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டிய ஜோடி. சர்வரில் 60000 முதல் 61000 வரையிலான யூடிபி வாயில்கள் திறந்திருக்க வேண்டும், வாடிக்கையாளரின் கணினித் துறை அதற்கு ஒப்புக்கொள்வதற்குள் நமக்கு வயதாகிவிடும், அங்கே வெறும் டிமக்ஸோடு சமாளிக்க வேண்டியதுதான்.

கோப்பு அனுப்ப ஆர்சிங்க். 1996-இலிருந்து இருக்கிறது, ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் எழுதியது, இரண்டு பக்கமும் உள்ள கோப்பை ஒப்பிட்டு மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும் அதன் உத்தி இன்னும் அசைக்க முடியாதது. பெரிய எழுத்துப் பி என்ற விருப்பம் போட்டால் பாதி வந்த கோப்பை அழிக்காது, எவ்வளவு போயிருக்கிறது என்றும் காட்டும். மூலக் கோப்புறைப் பெயரின் கடைசியில் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பது மட்டும் போகும், போடாவிட்டால் கோப்புறையே போகும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒரு சின்னக் கோட்டில் கட்டித் தொங்கவிட்டதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அழிக்கும் விருப்பத்தைச் சேர்க்கும் நாளில் முதலில் n என்ற ஒத்திகை விருப்பத்தோடு ஓட்டி, என்ன செய்யப் போகிறது என்பதைப் படித்துவிட்டுப் பிறகு உண்மையாக ஓட்டுங்கள். விட்ட இடத்தில் தொடரும் வசதி கிட் களஞ்சியத்தை முதல்முறை இறக்கும்போது கிடையாது, பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான். அதனால் பெரிய திட்டங்களை ஆழம் ஒன்று என்று கொடுத்துக் கடைசி நிலையை மட்டும் இறக்கிக்கொள்கிறேன். கிட்டில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் எண்ணும் சாய்கோடுமாக வருகிறதென்றால் கோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள், பெயர் பெயராகவே வரும்.

இப்போது டெசராக்ட்டும் ஓசிஆர்மைபிடிஎஃப்பும். இதில் எனக்குக் கலவையான கருத்து. தேவகோட்டைப் பக்கம் ஒருவர் பழைய கோயில் கும்பாபிஷேக மலர்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தார், அதில் பெயர் போட்டுத் தேட முடிய வேண்டும் என்றார். டெசராக்ட் எண்பதுகளில் ஹெச்பி ஆய்வகத்தில் பிறந்து 2005-இல் திறமூலமாகி, அடுத்த ஆண்டிலிருந்து கூகுள் ஆதரவில் வளர்ந்த எழுத்துணரி, அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்குவது, தமிழுக்கும் பயிற்சிக் கோப்பு உண்டு. ஓசிஆர்மைபிடிஎஃப் அதைச் சுற்றிக் கட்டிய உறை. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைக் கொடுத்தால், கோணலை நிமிர்த்தி, தலைகீழாக இருக்கும் பக்கத்தைத் திருப்பி, படத்தின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றை வைத்துக் கொடுக்கும். பக்கம் பார்க்க அதே பக்கம், தேடினால் சொல் கிடைக்கும். டிடிபி கடையில் செய்த பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் எழுத்துக் குப்பையாக வருமே, அதைவிட இது எவ்வளவோ மேல்.

சமீபத்திய மலர்களில் வேலை சுத்தமாக முடிந்தது. முன்னூறு டிபிஐக்குக் குறையாத ஸ்கேன், தமிழும் ஆங்கிலமும் சேர்த்த மொழி அமைப்பு, அவ்வளவு போதும். பழைய மலர்களில்தான் சிக்கல். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ணை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி கொம்பு போட்ட வடிவம், ணா, றா, னா எல்லாம் சுழித்த வடிவம். டெசராக்ட் அங்கே வேறு ஏதோ எழுத்தைப் படித்துவிடுகிறது. 'அண்ணாமலை' என்ற ஒரு பெயரிலேயே இரண்டு இடத்தில் இடறும், நம் ஊரில் அந்தப் பெயர் இல்லாத பக்கம் உண்டா? எழுத்து அடுக்கைத் தனிக் கோப்பாகவும் எடுக்கும் வசதி இருப்பதால், திரும்பத் திரும்ப வரும் தவறுகளைப் பட்டியலிட்டுத் தேடும் இடத்தில் மாற்று வடிவங்களையும் சேர்த்துக்கொண்டேன். வேலை நடக்கிறது, ஆனால் சொடுக்கினால் முடிந்துவிடும் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். கையெழுத்துக் கணக்கேடுகளைக் கொண்டுவந்து படிக்க முடியுமா என்று கேட்டால், முடியாது, கேட்கவே வேண்டாம். அச்சுக்கு நாலு, பழைய அச்சுக்கு இரண்டரை. படங்களை முன்கூட்டியே சரிசெய்ய இமேஜ்மேஜிக் என்ற படத்திருத்தக் கருவியைத் தொட்டால் அதிலுள்ள மோக்ரிஃபை மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும் என்பதை மறக்காமல் நகல் வைத்துக்கொண்டு தொடுங்கள்.

ஜேக்யூவுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை, நிரல்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் வடிவத் தரவை அறுத்துக் கூறுபோட அதைவிட்டால் ஆளில்லை. பைத்தான் நிரல்கள் பல தமிழை எண்குறிகளாக மாற்றித்தான் ஜேசனில் எழுதிவைக்கும், அந்தக் கோப்பைச் சும்மா ஜேக்யூ வழியாக விட்டாலே தமிழாகத் திரும்பிவிடும் என்பது மட்டும் பலருக்குத் தெரிவதில்லை.

தங்காதவை என்றால், கோப்புப் பட்டியலைப் படக்குறியோடு காட்டுகிற கருவிகள் எல்லாம் போய்விட்டன. எக்ஸா என்று ஒன்றை எல்லாரும் கொண்டாடினார்கள், பிறகு அதைப் பராமரிக்க ஆளில்லாமல் ஈசா என்ற கிளையை வேறு ஆட்கள் எடுத்து நடத்துகிறார்கள். நல்ல கருவிதான், ஆனால் கணினியோடு வருகிற எல்எஸ் எனக்கு என்ன குறை வைத்தது? டெர்மினல் தலைப்பில் பேட்டரியும் வானிலையும் காட்டும் அலங்காரங்களும் போய்விட்டன. பழைய கணினியில் ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் ஒரு இழுப்பு இழுக்கும்.

காப்புநகலுக்கு ரெஸ்டிக். மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து அனுப்பும், ஒரே துண்டு இரண்டு முறை போகாது, பழைய தேதியின் நிலையைத் தனியாக மீட்டெடுக்கலாம். வீட்டில் ஒரு வெளிவட்டு, வெளியே ஒரு சேமிப்பகம் என்று இரண்டு இடத்துக்கு அனுப்புகிறேன். கடவுச்சொல் தொலைந்தால் அதை எழுதியவரே வந்தாலும் திறக்க முடியாது, அதனால் பொது வீட்டுக் கணக்குக்கான கடவுச்சொல்லை இரண்டு பங்காளிகளிடம் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எப்போதாவது வேறொரு கணினியில் மீட்டெடுத்தும் பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கேட்பதற்கு முன்னால்: ஹெச்லெட்ஜர், ரிப்கிரெப், எஃப்இசட்எஃப், ஜேக்யூ, ரெஸ்டிக் எல்லாம் நேரடியாகவே ஓடும். டிமக்ஸும் மோஷும் வேண்டுமென்றால் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டுகிற டபிள்யூஎஸ்எல் போட்டு அதற்குள் உபுண்டு வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுத மட்டும் இத்தனை தேவையில்லை, நோட்பேட் போதும்.